முதல் முடிக்கு மூன்று உறைகள்

யாவோர் நகராட்சியில் ஊழல் கிடையாது. வருடந்தோறும் தலைநகரிலிருந்து வந்து, எங்கள் செலவில் ஆட்டிறைச்சி தின்று, கோப்புகளைப் புரட்டிவிட்டுப் போகும் தணிக்கைக்காரர்களே இதை எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். மாண்டினீக்ரோவின் மற்ற மலையூர்க்காரர்கள் இதைக் கேட்டு எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பதுண்டு. பயப்பட வேண்டாம். எங்கள் குணம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மற்ற ஊர்க்காரர்களைப் போலத்தான் நாங்களும். எங்களுக்கு விதோசாவா வாய்த்தார், அவ்வளவுதான்.

விதோசாவா எங்கள் நகராட்சியின் கொள்முதல் அலுவலர். பள்ளிக்கூடத்துக்கு விறகு, குழந்தைகள் காப்பகத்துக்கு ரொட்டி, ஆம்புலன்சுக்கு டயர், தியாகிகள் நினைவுநாளுக்கு மலர்வளையம் என்று ஊர்ப்பணத்தில் எது வாங்கினாலும் டெண்டர் விட்டு, மூடிய உறைகளை எல்லோர் முன்னிலையிலும் பிரித்து, மிகக் குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுப்பது அவர் வேலை. அதற்கான அரசுத் தேர்வை எழுதித் தேறியவர் ஊரில் அவர் ஒருவரே. பக்கத்தில் நானும் வனக்காவலரும் குழு உறுப்பினர்களாக உட்கார்ந்திருப்போம். உறையைக் கிழிக்கும் கத்திரிக்கோலை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. அதில் இதுவரை என்மேல் புகார் இல்லை.

கொள்முதல் விதிகளில் ஒரு விதி உண்டு. உறை பிரிப்பவருக்கும் உறை போடுபவருக்கும் இடையே உறவோ, நட்போ, விருந்தோ இருக்கக் கூடாது. இனிமேல் உறை போடக்கூடியவராக இருந்தாலும் ஆகாது. இதை எழுதிய மகான் பெரிய நகரத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும். அங்கே டெண்டர் போடுகிறவர்கள் எங்கோ ஒரு தெருவில் இருப்பார்கள். எங்கள் ஊரில் ரொட்டிக்காரர், விறகுக்காரர், டயர்க்காரர், பூக்காரி, அச்சகக்காரர் என்று எண்ணிக்கொண்டே போனால் ஊர் முடிந்துவிடும். டெண்டர் போடாதவர் யாராவது இருந்தால், அவர் டெண்டர் போடுகிறவரின் மனைவியாக இருப்பார்.

மற்ற ஊர்களில் இந்த விதியைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். விதோசாவா படித்துவிட்டுக் கடைப்பிடித்தார்.

ரொட்டிக்காரர் வீட்டுக் காப்பியை முதலில் விட்டார். அடுத்தது விறகுக்காரர் வீடு. அப்புறம் ஒவ்வொரு வாசலாக, "இல்லைங்க, வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்று நின்றபடியே திரும்பினார். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவர் காப்பி குடிக்காமல் திரும்பினால், அந்த வீட்டில் யாரோ செத்திருக்க வேண்டும், அல்லது சாக வேண்டும் என்று வந்தவர் விரும்பியிருக்க வேண்டும். முதலில் ஊர் கோபித்துக்கொண்டது. அப்புறம் கேலி செய்தது. கடைசியில் மறந்துபோனது. கோபமும் கேலியும் பரவாயில்லை, வாசல்வரைக்குமாவது வரும்.

ரொட்டியைக்கூட அவர் எங்கள் ஊரில் வாங்குவதில்லை. ரொட்டிக்காரர் ஆசையாக ஒரு பன் கூடுதலாகப் போட்டுவிட்டால் காப்பகத்து ஒப்பந்தம் என்னாவது? சனிக்கிழமை பேருந்து பிடித்துப் பக்கத்து ஊரில் வாங்கி வந்து, வாரம் முழுக்க அதை நனைத்து நனைத்துத் தின்பார். குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி எந்தெந்தச் சாலைக்குப் போக வேண்டும் என்று பட்டியல் போடுவதும் அவர்தான். அதில் எல்லாத் தெருவும் இருக்கும். தன் வீட்டுச் சந்து இருக்காது. தன் சந்தைத் தானே சேர்த்தால் நாலுபேர் என்ன சொல்வார்கள்? ஆகவே பனிக்காலம் முழுக்க எங்கள் கொள்முதல் அலுவலர், கையில் மண்வாரியோடு தன் நேர்மையைத் தானே தோண்டி வெளியே வருவார்.

கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். கூரை வேய்கிற கவ்ரிலோ என்ற ஒருத்தர் இருந்தார், அகலமான தோள், கூச்ச சுபாவம். பள்ளிக்கூடக் கூரை டெண்டருக்கு உறை போட்டார். அந்த உறைக்குள் விலைப்புள்ளியோடு இன்னொரு சின்னக் காகிதமும் இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கு வருவீர்களா?" நேரில் கேட்கத் தைரியமில்லாமல், விதோசாவா கண்டிப்பாகப் பிரித்துப் படிக்கிற ஒரே கடிதத்தில் வைத்துவிட்டார். ஆனால் உறைக்குள் இருப்பது எதுவானாலும் சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது விதி. விதோசாவா படித்தார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. பிறகு குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்: "உறையில் ஒரு விலைப்புள்ளியும் ஓர் அழைப்பும் காணப்பட்டன. அழைப்பு, கொள்முதலுக்குத் தொடர்பற்றது என்பதால் நிராகரிக்கப்படுகிறது. அடையாளக்குறி இட்ட உறை என்பதால் விலைப்புள்ளியும் செல்லாது." கவ்ரிலோ அந்தக் கோடையிலேயே வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடக் கூரை இன்றும் ஒழுகுகிறது.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் யான்கோ வந்து சேர்ந்தான். வரும்போது அவனுக்கு நடக்கத் தெரியாது.

யான்கோவின் அம்மா நெவேனா கடற்கரைப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷனுக்குக் கப்பலில் வேலை. மலைக்குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மாமியார் அதைவிட. நகராட்சிக் கட்டடத்து நடைவழியில் சுவரோடு சுடுநீர்க் குழாய் ஓடுவதைக் கண்டுபிடித்துவிட்டு, பகலில் குழந்தையோடு வந்து அங்கே உட்கார ஆரம்பித்தாள். விதோசாவாவின் அறைக்கதவு அந்த நடைவழியில்தான் இருக்கிறது.

"உங்க வீட்டுல யாராவது வியாபாரம், காண்டிராக்ட் ஏதாவது பண்றாங்களாம்மா?" என்று முதல் நாள் விதோசாவா கேட்டார். ஊரில் மற்றவர்கள் "சாப்பிட்டாயா?" என்று கேட்கிற இடத்தில் அவர் இதைத்தான் கேட்பார்.

"மாமனார் மிலுத்தின் தேனீ வளர்க்கிறாரு அக்கா. தேன் டெண்டர் விடுவீங்களா?"

விதோசாவா யோசித்தார். யாவோர் நகராட்சி தேன் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. "உள்ள வந்து உட்காரும்மா" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க யான்கோ அந்த அறையின் தரையில் வளர்ந்தான். அவனுக்குப் பிடித்தது வட்ட முத்திரை. அதை எடுத்துத் தன் கையிலும் காலிலும் குத்திக்கொள்வான். "அரசாங்க முத்திரை, துஷ்பிரயோகம்" என்று விதோசாவா மிரட்டுவார். அவன் அவர் கன்னத்திலும் ஒன்று குத்துவான். ஒரு மத்தியானம் நான் கையெழுத்துக்காக உள்ளே போனபோது, கன்னத்தில் 'யாவோர் நகராட்சி' என்று ஊதாநிறத்தில் பதிந்திருக்க, விதோசாவா கையில் நெவேனா கொடுத்த காப்பியோடு உட்கார்ந்திருந்தார். காப்பி! நான் வெளியே வந்து கதவை மூடிவிட்டேன்.

அந்தக் கோடையில் எங்கள் பனிவண்டிக்காரக் கிழவர் தொழிலை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போனார். இலையுதிர்காலத்தில் ஒரு புதுப் பனிவண்டி ஊருக்குள் வந்தது. ஆரஞ்சு நிறம், முன்னால் பெரிய இரும்புத் தகடு. ஓட்டிக்கொண்டு வந்தவர் மிலுத்தின். தேனீக்களை விற்றுவிட்டாராம், பனி தள்ளும் டெண்டருக்கு உறை போடப்போகிறாராம்.

மறுநாள் நெவேனா நடைவழிக்கு வந்தபோது விதோசாவாவின் கதவு சாத்தியிருந்தது. ஆனால் அவள் அன்றைக்குக் குளிர்காய வரவில்லை. கதவைத் தட்டினாள்.

"அக்கா, யான்கோவுக்கு முதல் முடி எடுக்கணும். நீங்கதான் வெட்டணும்."

இதைக் கேட்டவர் எங்கள் ஊர்க்காரர் என்றால் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். குழந்தையின் முதல் முடியை வெட்டுகிறவர் அன்றுமுதல் அந்த வீட்டுக்குக் 'கூம்'. ரத்த உறவுக்கும் மேலே. பண்டிகைக்கு முதல் நாற்காலி, கல்யாணத்துக்கு முதல் சம்மதம், சாவுக்கு முதல் ஒப்பாரி. பகையாளிகள்கூட முடி வெட்டி உறவானதுண்டு. கேட்டபின் மாட்டேன் என்று சொன்னவரை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

"உங்க மாமனார் சொல்லி வந்தியா?" என்றார் விதோசாவா.

"அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. 'ஊர் தப்பாப் பேசும், வண்டி வாங்கினதும் கொள்முதல்காரியக் கூமாக்கிட்டான்னு சொல்லுவாங்க'ன்னாரு. நான்தான் சண்டை போட்டேன். இவன் உங்களைத் தவிர யார்கிட்டக்கா போறான்? எனக்கும் இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

விதோசாவா ஜன்னல் பக்கம் திரும்பினாராம். பிறகு, "விதி என்ன சொல்லுதுன்னு பார்க்கிறேன்மா" என்றாராம். அது மறுப்பில்லை. அவர் வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தைகளில் அதுதான் மிக அதிகமான பாசம்.

விஷயம் நகராட்சித் தலைவர் பிளாகோதாவின் காதுக்குப் போனது. அவர் அலறிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா விதா, உனக்குக் கூமாக வேற வீடே கிடைக்கலையா? நீ அவனுக்கு உறவாயிட்டா அவன் உறையைப் பிரிக்கக் கூடாது. நீ பிரிக்கலைன்னா வேற யாருக்கும் அந்தத் தகுதி இல்ல. டெண்டர் நின்னா வண்டி நிக்கும். மேட்டுக் கிராமத்துல யாருக்காவது பிரசவ வலி எடுத்தா நான் தோள்ல தூக்கிட்டு வரணுமா? டெண்டர் முடியட்டும், அப்புறமா வெட்டு."

"அப்புறம் மேல்முறையீட்டுக் காலம், தலைவரே. அதுக்கப்புறம் பணி சரிபார்ப்பு. அது முடியறதுக்குள்ள அடுத்த வருஷ டெண்டர். நடுவுல நாள் இல்ல."

"அப்ப முடியாதுன்னு சொல்லிடு."

"அதுவும் முடியாது."

ஆகவே விதோசாவா தலைநகரில் இருக்கும் நேர்மைக் காவல் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது. அங்கே எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். "எந்தவொரு தெரிவும் வெளிப்படையான போட்டி முறையில், குறைந்தது மூன்று பங்கேற்பாளர்களுடன் நடைபெறுமாயின், நலன் முரண் எழாது."

வேறு ஊராக இருந்தால் இதைக் கசக்கி எறிந்திருப்பார்கள். எங்களுக்குத் தலைநகரின் கடிதம் என்றால் வேதம். பிளாகோதா அதை இரண்டு முறை படித்துவிட்டு முகம் மலர்ந்தார். "ரொம்ப எளிசு. கூமுக்கும் டெண்டர் விட்டுட வேண்டியதுதான்!"

எல்லோரும் சிரிப்போம் என்று எதிர்பார்த்தேன். விதோசாவா சிரிக்கவில்லை. அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒன்று தெரிந்தது. இத்தனை வருஷமாக விதிகள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டே இருந்தன. முதல்தடவையாக ஒன்றைக் கொடுக்க முன்வந்திருக்கின்றன. "சுத்தமா ஜெயிச்சா யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது இல்ல?" என்று என்னிடம் கேட்டார். சொல்ல முடியாது என்றேன்.

போட்டியில் இருப்பவர் அறிவிப்பை எழுதக் கூடாது என்று அவரே ஒதுங்கிக்கொண்டார். பிளாகோதா எழுதினார். அதாவது போன வருஷத்துப் பனிவண்டி அறிவிப்பை எடுத்து, 'பனி அகற்றல்' என்ற இடத்தில் 'முடி அகற்றல்' என்று போட்டார். "மத்ததுல ஒரு புள்ளியக்கூடத் தொடாதே. தணிக்கையில பாஸான அறிவிப்பு" என்று எழுத்தரிடம் கண்டிப்பாகச் சொன்னார். அது நகராட்சி வாசலில் ஒட்டப்பட்டது.

முடி வெட்டுகிறவர் குழந்தைக்கு என்ன பரிசு கொடுப்பார் என்பதை உறைக்குள் எழுத வேண்டும். விதோசாவா ஓர் உறை போட்டார். இரண்டாவது உறை பிளாகோதாவுடையது. தேர்தல் வருகிறது, மிலுத்தினின் சொந்தபந்தம் ஒரு பெரிய ஓட்டுமூட்டை, அதற்குக் கூமாக இருப்பது எந்தத் தலைவருக்கும் கசக்காது. மூன்றாவது ஆள் வேண்டுமே? எங்கள் ஊர் வழக்கப்படி கணக்குக்கு ஒருத்தரைப் பிடிப்பார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவி ரொசாந்தாவைத் தலைவர் பிடித்தார்.

"எனக்குக் குழந்தைங்கன்னாலே ஆகாதே தலைவரே."

"உனக்கு எங்க கிடைக்கப்போகுது? ஏதாவது சின்னதா எழுதிப் போடு தாயே. மூணு உறை இருக்கணும், அவ்வளவுதான்."

உறை பிரிக்கும் நாளில் மன்றக்கூடம் நிரம்பி வழிந்தது. வழக்கமாக அங்கே நாங்களும் ஈக்களும்தான் இருப்போம். விதோசாவா முதல்தடவையாக எதிர்ப்பக்கத்து நாற்காலியில், போட்டியாளராக உட்கார்ந்திருந்தார். நீலநிறத்தில் ஓர் உடுப்பு. கவ்ரிலோ காலத்தில் தைத்ததாக இருக்கலாம். யான்கோ தாயின் மடியிலிருந்து அவரைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே இருந்தான். அவர் பார்க்காத மாதிரி இருந்தார். பங்கேற்பாளர் குழந்தையோடு தொடர்புகொள்ளக் கூடாது.

கத்திரிக்கோல் என் கையில்; ஊர்ப்பணம் செலவாகாத டெண்டர் என்பதால் பிரித்துப் படிப்பதும் நானே. ரொசாந்தாவின் உறையில், "ஒரு வெள்ளிக் கரண்டி." கூட்டம் சிரித்தது. தலைவரின் உறையில், "ஒரு தங்கக்காசும் ஒரு குதிரைக்குட்டியும்." கூட்டம் தலையை ஆட்டியது. மூன்றாவது உறையில் ஒரே வரி. "என் அம்மாவின் காசுமாலை, முழுவதும்."

அந்த மாலையை ஊரே அறியும். அவர் அம்மா கல்யாணத்துக்குப் போட்டது, பாட்டி போட்டது. அவர் வீட்டில் பெயர் சொல்லும்படி இருந்த ஒரே பொருள் அதுதான். மிலுத்தின் எழுந்து தொப்பியைக் கழற்றினார். நெவேனா அழுதுகொண்டே சிரித்தாள்.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. அறிவிப்பைப் பிடுங்கி, எதிலாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். அதுவரை அவர் அதைப் படித்ததில்லை. "இதோ! இதோ பாருங்கய்யா! 'தெரிவுக்கான ஒரே அளவுகோல்: மிகக் குறைந்த விலை.' காசுமாலை செல்லாது!" என்று வெற்றிக்குரல் கொடுத்தார். பிறகு தன் குதிரைக்குட்டியும் நினைவுக்கு வர, மெல்ல உட்கார்ந்தார்.

எல்லோரும் ரொசாந்தாவைப் பார்த்தார்கள்.

"எனக்கா?" என்றார் ரொசாந்தா. "ஐயையோ! நான் சும்மா போட்டதுங்க!"

கூடம் அமளியானது. "இது என்ன கூத்து", "ரத்து பண்ணு", "இதுக்கும் பனிவண்டிக்கும் என்னய்யா சம்பந்தம்" என்று ஆளுக்கொன்று கத்தினார்கள். நெவேனா ஓடிவந்து விதோசாவாவின் கையைப் பிடித்தாள். "அக்கா, இது தப்புன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா ரத்தாகும். நீங்கதானே எல்லா விதியும் தெரிஞ்சவங்க!"

தலைவரும் அதையே கெஞ்சினார். அவருக்கு ரொசாந்தாவிடம் தோற்பது அவமானம்.

விதோசாவா எழுந்தார். எனக்கு இப்போதும் அவர் குரல் கேட்கிறது, பள்ளிக்கூடக் கூரைக்கு வந்த அழைப்பைப் படித்த அதே குரல். "அறிவிப்பு வாசல்ல ஒட்டியிருந்தது. தப்பு இருந்தா உறை பிரிக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும். யாரும் கேக்கல. பிரிச்சதுக்கப்புறம் அளவுகோலை மாத்த முடியாது. மிகக் குறைந்தது வெள்ளிக் கரண்டி."

"எனக்கு டெண்டரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!" என்று மிலுத்தின் மேசையைத் தட்டினார். "என் பேரன் தலையை விதாதான் தொடணும்!"

"அப்ப உங்க உறையை யாரு பிரிக்கிறது மிலுத்தின்? மேட்டுக் கிராமத்துக்கு வண்டி யாரு கொண்டுபோறது?" என்றார் விதோசாவா.

மிலுத்தின் வெளியே நின்ற ஆரஞ்சு வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்தார். தொப்பியைத் திரும்ப வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எல்லோரும் போனபின் நடைவழியில் விதோசாவாவைப் பிடித்தேன். "விதா, அந்த அளவுகோலை நீங்க படிக்கலையா?"

"முதல் நாளே படிச்சேன்."

"பின்ன ஏன் மாத்தச் சொல்லிக் கேக்கல?"

"கேட்டிருந்தா, எனக்காகத்தான் மாத்தினாங்கன்னு ஊர் சொல்லியிருக்கும்."

"சரி, 'ஒண்ணும் தரமாட்டேன்'னு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க!"

அவர் என்னை ஏதோ அசிங்கமானதைச் சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "குழந்தை தலையில வெறுங்கையோடவா கைய வைப்பாங்க?"

முடி எடுக்கும் விழா தடபுடலாக நடந்தது. ரொசாந்தா கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். யான்கோ வீட்டுக் கூரை அதிரும்படி அழுதான். வெட்டின முடியைக் கூமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், ரொசாந்தா அதை ஒரு மருந்துப்புட்டியில் போட்டு எடுத்துப்போனார். வெள்ளிக் கரண்டி முலாம் பூசினது என்று பிற்பாடு தெரிந்தது. விதோசாவா வரவில்லை. பனிவண்டி உறைகளின் மதிப்பீடு நடந்துகொண்டிருந்தது, மிலுத்தின் ஒரு போட்டியாளர், அந்த வீட்டு விருந்தில் அவர் எப்படி உட்கார முடியும்? ஒப்பந்தம் எந்தப் பழுதும் இல்லாமல் மிலுத்தினுக்கே போனது. தணிக்கைக்காரர்கள் விசேஷமாகப் பாராட்டினார்கள். காசுமாலை மறுபடி பெட்டிக்குள் போனது.

நெவேனா இப்போது நடைவழிக்கு வருவதில்லை. ஒப்பந்ததாரர் வீட்டுப் பெண் அலுவலக அறையில் உட்காரக் கூடாது என்று விதோசாவாவே அவளிடம் எடுத்துச் சொன்னார். வட்ட முத்திரை மேசையில் அதன் இடத்தில் நேராக இருக்கிறது.

அந்த வருஷத்து முதல் பெரிய பனி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டி ஓய்ந்தது. எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் விதோசாவாவின் சந்து தெரியும். ஆரஞ்சு வண்டி பெரிய சாலையைத் தள்ளிக்கொண்டு வந்து, சந்து முனையில் நின்றது. வண்டிக்குள் மிலுத்தின், பக்கத்தில் நெவேனா, மடியில் தொப்பி போட்ட யான்கோ. இரும்புத் தகடு சந்தின் பக்கமாகத் திரும்பி, உயர்ந்து, அப்படியே காத்திருந்தது. பட்டியலில் இல்லாத சந்து. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

விதோசாவா ஜன்னல் திரையை விலக்கினார். யான்கோ கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, முத்திரை குத்துவதுபோல ஒரு அழுத்து அழுத்தினான். அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியாது. தலையை மட்டும் இடமும் வலமுமாக மெல்ல அசைத்தார்.

வண்டி பின்வாங்கிப் போனது. கொஞ்சநேரம் கழித்துக் கதவு திறந்தது. மண்வாரியோடு இறங்கினார். மத்தியானம்வரை தள்ளினார். வாசலிலிருந்து பெரிய சாலைவரை ஒரு பாதை விழுந்தது, மண்வாரி அகலத்துக்கு. ஒரே ஓர் ஆள் நடந்து போகலாம்.